பழவேற்காட்டுக் கழுத்துத் துணி

மனித உடம்பில் துணியே தேவைப்படாத ஓர் இடம் உண்டென்றால் அது கழுத்துதான். இடுப்புக்கு மானம் காரணம். தோளுக்கு வெயிலும் குளிரும் காரணம். தலைக்கு மரியாதை காரணம். கழுத்துக்கு என்ன காரணம்? குளிர் தேசத்தில் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டால் நியாயம் இருக்கிறது. நம் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் சித்திரை மாதத்து வெயிலில் ஒருவன் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால், அதற்குச் சீதோஷ்ணம் காரணமாக இருக்க முடியாது. ஒன்று, அவன் உடம்பால் உழைக்கிறவன். வியர்வையைத் துடைக்கவும் தூசியைத் தடுக்கவும் கட்டியிருக்கிறான். அல்லது, தான் உடம்பால் உழைக்கிறவன் அல்ல என்று ஊருக்குத் தெரிவிக்க விரும்புகிறவன். முதல் துணிக்குத் துண்டு என்றும் கைக்குட்டை என்றும் பெயர். இரண்டாவது துணிக்கு டை என்று பெயர்.

இந்த இரண்டு துணிகளுக்கும் ஆதியில் பேதம் இருந்ததில்லை. 1630-களில் பிரெஞ்சு ராஜாவுக்காகக் கூலிக்குச் சண்டை போட வந்த குரோவேஷியச் சிப்பாய்கள் கழுத்தில் ஒரு துணியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பாரிஸ் பிரபுக்களுக்கு அது பிடித்துப் போயிற்று. குரோவாட் என்ற இனத்தின் பெயரே 'கிரவாட்' என்று துணியின் பெயராயிற்று. சிப்பாயின் முரட்டுத் துணி பதினான்காம் லூயியின் கழுத்துக்கு ஏறியபோது லேஸ் பின்னலும் பகட்டுமாக மாறியது. பிறகு இங்கிலாந்துக்குப் போயிற்று; நீண்டது, குறுகியது, விறைத்தது. கடைசியில் 1920-களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் துணியை மூலைவாக்கில் வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறைக்கு உரிமை வாங்கினார். இன்று ஆபீஸ்களில் தொங்கும் டை அந்த வெட்டின் வாரிசு.

ஆகவே, கூலிக்காரனின் கழுத்துத் துணி எஜமானின் கழுத்துக்கு ஏறுவது உலக வழக்கம்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படி ஏறும்போது அந்தத் துணியை நெய்தவன் எங்கே போகிறான் என்பதுதான் என்னுடைய கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, பழவேற்காட்டில் வந்து இறங்கினேன். நான் போனது காகித யாத்திரைதான்; ஆனாலும் வழி மிகவும் சுற்று.

அமெரிக்காவுக்குப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு டை. அங்கே பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்லி அதை எனக்குக் காட்டினார். சிறுவர்களுக்காகச் செய்த டை. முடிச்சை முன்பே போட்டுத் தைத்துவிட்டார்கள். அதன் அகன்ற பாகத்தில் ஒரு வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் ஒரு மாட்டுக்காரன். அகலத் தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கிகள், கழுத்திலே ஒரு சிவப்புக் கைக்குட்டை. நான் குதிரையையும் பார்க்கவில்லை, துப்பாக்கியையும் பார்க்கவில்லை. கழுத்தில் கட்டும் துணியிலே, கழுத்தில் கட்டிய துணியைப் படமாகப் போட்டு விற்றிருக்கிறார்களே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எஜமானின் துணி உழைப்பாளியின் துணியைத் தன் மேல் பச்சை குத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

இந்த டைகளுக்குத் தகப்பன் டெலிவிஷன். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து அமெரிக்க வீடுகளில் டெலிவிஷன் பெட்டி நுழைந்ததும், அதிலே காட்டுவதற்குக் கதை வேண்டியிருந்தது. வில்லியம் பாய்ட் என்ற நடிகர் 'ஹாப்பலாங் காசிடி' என்ற மாட்டுக்கார வீரனாகப் பல சினிமாப் படங்களில் நடித்து ஓய்ந்திருந்தவர். அந்தப் பழைய படங்களின் உரிமையைத் தாமே வாங்கி வைத்திருந்தார். 1949இல் அவை டெலிவிஷனில் வந்தன. குழந்தைகள் மதிமயங்கிப் போனார்கள். 1950இல் அவர் உருவம் போட்ட மதிய உணவுப் பெட்டி வந்தது. தொப்பி, சட்டை, கடிகாரம், டை என்று எதிலெல்லாம் ஒரு முகத்தை ஒட்ட முடியுமோ அதிலெல்லாம் ஒட்டினார்கள். அதே 1949இல் முகமூடி வீரன் 'லோன் ரேஞ்சர்' வந்தான். 1955இல் தொடங்கிய 'கன்ஸ்மோக்' இருபது வருஷம் ஓடியது. 1959இல் 'பொனான்ஸா' வந்தது. அது ஆரம்பத்திலிருந்தே வர்ணத்தில் எடுத்த தொடர். வர்ண டெலிவிஷன் பெட்டிகளை விற்க வேண்டுமே!

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தக் கதைகளில் நான் கவனித்த ஒரு சூத்திரத்தைச் சொல்கிறேன். நல்லவன் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டியிருப்பான். கெட்டவன் அதே கைக்குட்டையை மூக்குக்குமேல் ஏற்றிக் கட்டியிருப்பான். நாலு அங்குல உயரத்தில் தர்மமும் அதர்மமும் பிரிந்துவிடும். ஆனால் அந்த நாளைய பெட்டிகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. கைக்குட்டையின் உயிரே அதன் சிவப்பில்தான் இருக்கிறது; டெலிவிஷனில் அது வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. கடைக்குப் போய் டையையும் கைக்குட்டையையும் வாங்கிய பிறகுதான் குழந்தைக்கு அந்தச் சிவப்பு கிடைத்தது. வியாபாரிகளுக்கு இது எத்தனை சௌகரியம் பாருங்கள்!

மெய்யான மாட்டுக்காரன் இதையெல்லாம் பார்த்தால் சிரித்திருப்பான். அவன் காலம் மிகவும் குறுகியது. 1867இல் கான்ஸாஸ் மாகாணத்து அபிலீன் ஊருக்கு ரயில் வந்தது. டெக்ஸஸிலிருந்து அந்த ரயிலடிவரை மாட்டு மந்தைகளை ஓட்டிப் போவதற்குக் கூலிக்கு அமர்ந்தவர்கள்தான் அந்த மாட்டுக்காரர்கள். இருபது வருஷம் கழிவதற்குள் முள்வேலியும் ரயில் பாதையும் அந்தத் தொழிலை ஏறக்குறைய முடித்துவிட்டன. அவர்களில் கறுப்பர்களும் மெக்ஸிகோக்காரர்களும் ஏராளம். டெலிவிஷன் அவர்களை மறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பும் புழுதியில் மந்தைக்குப் பின்னால் போகிறவனுக்குக் கழுத்துத் துணி அலங்காரம் அல்ல, மூச்சு. மூக்கை மூடுவான், கலங்கல் தண்ணீரை வடிகட்டுவான், காயத்துக்குக் கட்டுவான், மிரளும் குதிரையின் கண்ணை மறைப்பான், முகம் கழுவித் துடைத்துக்கொள்வான். நம் ஊர் வண்டிக்காரன் தோள் துண்டு செய்கிற அத்தனை வேலையையும் அந்தச் சதுரத் துணி செய்தது.

அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பண்டானா'. இங்கேதான் நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பண்டானா அமெரிக்கச் சொல் அல்ல. 'பாந்த்னூ' என்ற ஹிந்துஸ்தானிச் சொல்லின் திரிபு. கட்டுதல் என்று பொருள். நமக்குத் தெரிந்த 'பந்தனம்' அதற்கு நெருங்கிய உறவு. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி எடுத்தால் முடிச்சுக்குள் இருந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடி கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்து இப்படிப் புள்ளி வைத்த பட்டுக் கைக்குட்டைகள் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயின. அங்கே கனவான்கள் மூக்குப் பொடி போடத் தொடங்கியிருந்த காலம். வெள்ளைக் கைக்குட்டை ஒரே நாளில் மானத்தை வாங்கிவிடும். ஆகவே வர்ணக் கைக்குட்டைக்கு ஏக கிராக்கி.

பட்டு, பணக்காரன் மூக்குக்கு. கப்பல்காரனும் கூலிக்காரனும் கழுத்தில் கட்டிக்கொள்ள விலை மலிவான, தண்ணீருக்கு அஞ்சாத பருத்தித் துணி வேண்டும். அது வேறொரு துறைமுகத்திலிருந்து போயிற்று. சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட அந்தப் பருத்திக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்: 'புலிகாட்'. அதாவது நம் பழவேற்காடு.

பழவேற்காட்டை இன்று பெரும்பாலோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணமாக அறிவார்கள். சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர், திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரியிலிருந்து பஸ். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி அங்கே விரிந்து கிடக்கிறது. பூநாரைகள் வருகின்றன, படகு இருக்கிறது, இறால் கிடைக்கிறது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இந்தக் கரையோரம் வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கே தயாராகும் வர்ணத் துணிகளுக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் இருந்த மதிப்பைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 1610இல் டச்சுக்காரர்கள் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று இங்கே காலூன்றினார்கள். 1613இல் ஜெல்ட்ரியா என்ற கோட்டை எழுந்தது. 1690 வரையில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கும்பெனியின் தலைமை இடம் இதுதான். சென்னைப் பட்டணம் என்று ஓர் ஊர் உண்டாவதற்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே பழவேற்காட்டில் கோட்டை இருந்தது என்பதைப் பட்டணத்துவாசிகள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டச்சுக்காரர்களுக்குத் துணியின்மேல் என்ன மோகம்? அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளையும் கிழக்குத் தீவுகளில் வெள்ளி நாணயத்தைவிடச் சோழமண்டலத் துணிக்குத்தான் அதிக மவுசு. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைத் திரவியம் வாங்கி, ஐரோப்பாவில் விற்றார்கள். பழவேற்காட்டுத் தறியில் ஓடிய நாடாதான் ஆம்ஸ்டர்டாம் மாளிகைகளின் கடைக்கால்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இம்பூறல் என்று ஒரு சின்னஞ்சிறு செடி. கடலோர மணலில் விளைவது. மேலே பார்த்தால் களை என்று பிடுங்கி எறியத் தோன்றும். சரக்கெல்லாம் பூமிக்குள்ளே இருக்கிறது: மெல்லிய, நீண்ட வேர். அதற்குச் சாயவேர் என்றே பெயர். நூலை நல்லெண்ணெயிலும் சாம்பல் காரத்திலுமாக நாள் கணக்கில் மாறி மாறித் தோய்த்துக் காயவைத்து, படிகாரம் ஏற்றி, பிறகு சாயவேர்ப் பொடி கலந்த தண்ணீரில் காய்ச்சுவார்கள். அப்போது வரும் சிவப்பு வெயிலுக்கும் அசையாது, வெளுப்புக்கும் அசையாது. நீலத்துக்கு அவுரி. இந்த இரண்டு நூலையும் பாவிலும் ஊடையிலும் கணக்காக வைத்து, குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து, ஒரே நீளத் துண்டாகப் பல கைக்குட்டைகளை நெய்வார்கள். வாங்கினவன் வெட்டிக்கொள்ள வேண்டியது.

நெய்தவனுக்கு என்ன கிடைத்தது? முன்பணம் கிடைத்தது. கும்பெனி வியாபாரியிடம் கொடுப்பான்; வியாபாரி தறிக்காரனிடம் கொடுப்பான்; கொடுத்த நாளிலிருந்து தறிக்காரன் கை அவனுடைய கை அல்ல. வேறு ஆளுக்கு நெய்யக் கூடாது. சொன்ன அகலம், சொன்ன இழை, சொன்ன விலை. இங்கிலீஷ்காரர்களும் இதே வழியில்தான் போனார்கள். நெசவாளிகளைத் தங்கள் கோட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளத் திருவொற்றியூரில் கவர்னர் காலெட் பெயரால் ஒரு பேட்டை உண்டாக்கினார்கள். அது மக்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆயிற்று. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உண்டானதும் நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்குமாகத்தான்.

முன்பணமாவது பரவாயில்லை. பதினேழாம் நூற்றாண்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த வருஷங்களில், இதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களை வாங்கி அடிமைகளாக பட்டேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். துணி மூட்டை போன கப்பல் மார்க்கத்தில்தான் அவர்களும் போனார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போனால் ஒவ்வொரு கல்லிலும் அழகான எழுத்து; பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள். நான் அங்கே நின்று நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எத்தனை கச்சிதமான கணக்கு! பாவு தோய்த்தவர்களுக்கும், சாயவேர் தோண்டினவர்களுக்கும், கப்பலேறினவர்களுக்கும் ஒரு செங்கல் கிடையாது.

இனி நாம் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிளாஸ்கோ பக்கத்துக் கைத்தறிக்காரர்கள் நம் கட்டம் போட்ட கைக்குட்டையைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். நெய்தது கிளாஸ்கோவில், பெயர் என்னவோ 'புல்லிக்கேட்'தான். கைப்பிரதி பெருகப் பெருக மூலம் மறந்துபோவது எழுத்துலகத்தில் மட்டும் நடப்பது அல்ல. வடக்கே ஏதோ ஒரு ஸ்காட்லாந்துக் கிராமத்தில் ஒரு கிழவர், தாம் 'புல்லிக்கேட்' நெய்கிறவர் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது ஓர் ஊர் என்பதும், அந்த ஊரில் ஏரி இருக்கிறது என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது சிவப்பு. 1785இல் பாப்பியோன் என்ற பிரெஞ்சுச் சாயக்காரரை வைத்துக்கொண்டு மகின்டோஷ், டேல் என்ற இரு முதலாளிகள் கிளாஸ்கோவில் 'துருக்கிச் சிவப்பு' சாயப்பட்டறை தொடங்கினார்கள். எண்ணெய், காரம், படிகாரம், வேர் என்று அதன் பக்குவம் ஏறக்குறைய நம் சாயக்காரர் பக்குவமேதான். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹென்றி மான்டீத் என்பவர் பட்டறையில் ஒரு தந்திரம் செய்தார்கள். சிவப்புத் துணியைப் பல மடிப்பாக இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கினார்கள். தகட்டில் துவாரங்கள் உண்டு. அதன் வழியாக வெளுப்புத் திரவத்தைச் செலுத்தினால், துவாரம் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி! வங்காளத்துப் பெண்களும் ஆண்களும் நகத்தால் கிள்ளிக் கட்டிய முடிச்சுகளை ஓர் இயந்திரம் ஒரே அழுத்தில் போட்டுவிட்டது. பட்டுப் பண்டானாவும் பருத்திப் புலிகாட்டும் அங்கே ஒன்றாகி, மலிவான சிவப்புப் பருத்திப் பண்டானா பிறந்தது. அதன் சந்ததிதான் டெக்ஸஸ் மாட்டுக்காரன் கழுத்துக்குப் போனது. பழவேற்காட்டுத் தறியில் நெய்த துணி அவன் கழுத்தில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவன் கட்டியது நம் துணியின் பேரன். முகச்சாயல் இருந்தது, சொத்தில் பங்கு இல்லை.

அந்தச் சொத்து இங்கே திரும்பி வந்தது வேறு விதமாக. 1813இல் இந்திய வியாபாரத்தில் கும்பெனியின் ஏகபோகம் ஒழிந்தது. ஆலைத் துணி வெள்ளமாக வந்து இறங்கியது. ஸ்காட்லாந்தில் லீவன் நதிப் பள்ளத்தாக்கில் சாயமேற்றிய துருக்கிச் சிவப்புத் துணிகளுக்கு இந்தியாவே பெரிய சந்தையாயிற்று. 1868இல் ஜெர்மன் ரசாயனிகள் வேர்ச் சிவப்பின் சாரத்தைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினார்கள். 1897இல் செயற்கை அவுரியும் கடைக்கு வந்தது. மணலில் வேர் தோண்டியவனுக்கு வேலை போயிற்று. பழவேற்காடோ அதற்கு முன்பே, 1825இல், இங்கிலீஷ்காரர் கைக்கு வந்து, சென்னையின் நிழலில் ஒரு மூலையாகிவிட்டது.

இந்தக் கதையில் ஸ்காட்லாந்துக்காரனை வில்லனாக்கினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் நியாயமாக இருக்காது. நம்மைப் பார்த்து நெய்த அந்தக் கைத்தறிக்காரனையும் விசைத்தறி விடவில்லை. கூலி விழுந்தது; பட்டினி வந்தது. 1820இல் அங்கே கூலிக்கும் ஓட்டுரிமைக்குமாக ஒரு கிளர்ச்சி நடந்தது. அதற்காக ஜேம்ஸ் வில்சன், ஆண்ட்ரு ஹார்டி, ஜான் பேர்ட் என்ற மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று பேரும் நெசவாளிகள். ஊரார் கழுத்துக்கெல்லாம் துணி நெய்தவர்கள் கழுத்துக்குச் சர்க்கார் கொடுத்த சன்மானம் அது.

பெயர் மட்டும் ஊர் ஊராக அலைந்தது. கைக்குட்டைக்கு முதலில் 'புலிகாட்' என்று பெயர். பிறகு 'மெட்ராஸ்' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்' என்ற முத்திரையோடு போன கட்டத் துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் தங்கள் குலச் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். சில இழைகளை நுணுக்கமாக அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதிய சித்திரம் வரவழைக்கிறார்கள். இக்போ மக்கள் நம் கரைத் துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஞாபகம். மார்த்தினீக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர். ஜமைக்காவில் அதே கட்டத் துணி 'பண்டானா' ஆகி, தேசிய உடையிலும் சேர்ந்துவிட்டது.

அமெரிக்காவும் விட்டுவைக்கவில்லை. 1958இல், டெலிவிஷன் மாட்டுக்காரர்கள் உச்சத்தில் இருந்த அதே சமயத்தில், கண்ணூரில் பிறந்த சி. பி. கிருஷ்ணன் நாயர் - பிற்பாடு லீலா ஹோட்டல்களை நிறுவியவர் - மெட்ராஸ் கட்டத் துணி பத்தாயிரம் கஜத்தை வில்லியம் ஜேகப்ஸன் என்ற அமெரிக்க வியாபாரிக்கு விற்றார். அது நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையும் கோட்டுமாக ஆயிற்று. சாயம் கரையும், குளிர்ந்த தண்ணீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்குகிறவர்களைப் போய்ச் சேரவில்லை. ஒரே சலவையில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின, ரகளை. பிறகு ஒரு பெண்கள் பத்திரிகை, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் கைத்தறி அற்புதம் என்று அதையே பெருமையாக எழுதியதாம், கிராக்கி கொள்ளவில்லையாம். நாயர் சொல்லிவந்த கதை இது. அந்தத் துணியில் டைகளும் தைத்தார்கள். ஆக, அப்போது ஓர் அமெரிக்க வீட்டில் மகன் கழுத்தில் மாட்டுக்காரன் டை, தகப்பன் கழுத்தில் மெட்ராஸ் டை இருந்திருக்கக் கூடும். இரண்டுக்கும் பூர்வீகம் ஒரே கடற்கரை என்பது இருவருக்கும் தெரிந்திராது. அழியாத சிவப்புக்குப் பேர்போன நம் கரை, கடைசியில் சாயம் போவதற்குப் பேர்போனதை என்னவென்று சொல்வது! எண்ணெயும் வேரும் போட்ட பழைய பக்குவம் கைவிட்டுப்போனதன் கணக்கு அந்தச் சலவைத் தொட்டியில் தெரிந்தது.

கடைசியாக, சுற்றிப் போன துணி தமிழ்நாட்டுக்கே மாட்டுக்காரன் வேஷத்தில் வந்தது. 1970-களில் இயக்குநர் கர்ணன் 'கங்கா', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' என்று குதிரையும் துப்பாக்கியுமாகப் படங்கள் எடுத்தார். ஜெய்சங்கர் நமக்கு மாட்டுக்கார வீரரானார். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் தமிழ் பேசினார்கள். லக்கி லூக்கின் மஞ்சள் சட்டைக்குமேல் அந்தச் சிவப்புக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கழுத்தில் கட்டிக்கொண்ட பையன்கள் பொன்னேரியிலும் இருந்திருப்பார்கள். பத்து மைல் தூரத்திலிருந்து போன பொருள், பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு, அந்நிய நாட்டு அதிசயமாக அவர்களிடம் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கழுத்துக்கு என்ன கட்டுகிறார்கள்? கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலை நேரத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தைகள் கழுத்தில் ரப்பர் வளையம் தைத்த டை. முடிச்சு முன்பே போட்டாயிற்று; அமெரிக்கச் சிறுவனின் மாட்டுக்காரன் டையைப் போலவேதான், படம் ஒன்றுதான் இல்லை. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் கழுத்தில் நாடா; அதன் நுனியில் புகைப்படமும் நம்பரும். அவர்களுக்கு நடுவே, இரும்பு உருக்கும் ஆலைகளை நோக்கி, பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் நடந்து போகிறார்கள். அவர்கள் கழுத்தில் கம்சா: சிவப்புக் கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துண்டு. வெயிலுக்குத் தலையில் போடுகிறார்கள். புகைக்கு மூக்கில் கட்டுகிறார்கள். சாப்பிட்ட கையைத் துடைக்கிறார்கள். கிடைத்த நிழலில் விரித்துப் படுக்கிறார்கள். டெக்ஸஸ் மாட்டுக்காரனுக்கு மெய்யான வாரிசு எவன் என்று என்னைக் கேட்டால், டை கட்டிய சிறுவனைக் காட்ட மாட்டேன், இவனைத்தான் காட்டுவேன். வீட்டை விட்டு ஆயிரம் மைல், கூலிக்கு வேலை, கழுத்தில் ஒரு துணி. யாரும் இவனைப் பற்றி டெலிவிஷன் தொடர் எடுக்கவில்லை. இவன் உருவம் போட்ட டையும் கடையில் கிடையாது.

பழவேற்காட்டில் இன்று கைக்குட்டையைத் தேடிப் போகிறவன் வெறுங்கையோடு திரும்புவான். ஆனால் கைவேலை ஊரை விட்டு முற்றும் போய்விடவில்லை. அங்கே முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். ஓலையைக் கீறிச் சாயம் தோய்த்து, வெள்ளையும் வர்ணமுமாக மாற்றி மாற்றிக் கோத்து வருகிறபோது, நம் கண்முன் கட்டங்கள் விழுகின்றன. நான் ஒரு பெட்டி வாங்கினேன். முடைந்த அம்மாளிடம் விலையைத் தவிர இன்னும் ஒன்று கேட்டுக்கொண்டேன், அவர் பெயரை. ஆச்சரியப்பட்டார்; இத்தனை வருஷத்தில் வாங்க வந்தவர் யாரும் அதைக் கேட்டதில்லை என்றார். பிறகு சொன்னார். பெட்டியின் அடிப்பாகத்தில் அந்தப் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருக்கிறேன். அதை இங்கே அச்சில் ஏற்ற அவர் அனுமதி கேட்க மறந்துவிட்டது. ஆகவே பெட்டியில் மட்டும் இருக்கட்டும்.